வீட்டுக்குள் பீச்சுகிற கடுவன் பூனை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

வளவுக்குள் வந்து சோறும் மீன்தலையும் தின்று பழகின கடுவனை வீட்டுக்குள் எடுக்க மனமிருந்தும் பலர் தயங்குவது ஒரே காரணத்துக்காகத்தான். சுவரிலும் கதவிலும் மூத்திரம் பீச்சி வீடு முழுக்க நாறவைத்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. விதை எடுக்காத கடுவனின் மூத்திர மணம் சீமெந்துக்குள் இறங்கினால் லேசில் போகாது. ஆனால் அந்தப் பயத்தை நம்பி விற்கப்படுகிற போத்தல்களும் பக்கற்றுகளும் எல்லாம் ஒரே தரமில்லை. இங்கே வாங்கக்கூடியதையும் செய்விக்கக்கூடியதையும் ஒவ்வொன்றாக எடுத்து, யாழ்ப்பாணத்து வீட்டில் அது எவ்வளவுக்கு வேலை செய்யும் என்று பார்ப்போம்.

எங்கள் கணிப்பை முதலே சொல்லிவிடுகிறோம். கையில் காசு மட்டாக இருந்தால் முழுவதையும் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு, அதாவது விதை எடுப்பதற்கு, வையுங்கள். மிஞ்சினால் நொதியம் (கறையையும் மணத்தையும் உடைக்கிற என்சைம்) கலந்த கழுவுதிரவம். அதற்குப் பிறகு மூத்திரக் கறையை இருட்டில் காட்டுகிற ஒரு யூவி (புறஊதா) ரோச்சும், பூனை வெளிக்குப் போகப் பெரிய மண்பேசினும். பூனையின் கன்னமணத்தைப் பரப்புவதாக விற்கிற, சுவரில் கொழுவுகிற வாசனைக் கருவி எல்லாவற்றுக்கும் கடைசி. கனபேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விலைகூடின கருவியை முதலில் வாங்கிக் கொழுவிவிட்டு, சத்திரசிகிச்சையைப் "பிறகு பாப்பம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்தக் காசு வீண்.

பீச்சுகிறதா, பெய்கிறதா?

எதையும் வாங்க முதல் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பீச்சும்போது கடுவன் நிற்கும். பின்பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி, வாலை நேரே நிமிர்த்தி, வால் நுனி நடுங்க, பின்னங்கால்களை மாறிமாறி மிதித்து, கொஞ்ச மூத்திரத்தைப் பின்னோக்கி அடிக்கும். அளவு ஒரு தேக்கரண்டிக்குள்தான் இருக்கும். தரையிலிருந்து 20 – 30 சென்ரிமீற்றர் உயரத்தில் தொடங்கிக் கோடாகக் கீழே வடிந்திருக்கும். பாய், மெத்தை, உடுப்புக் குவியல் என்று தட்டையான இடத்தில் குந்தியிருந்து நிறையப் பெய்தால் அது வேறு விஷயம். மண்பேசின் பிடிக்கவில்லை, அல்லது மூத்திரப்பையில் நோய். அதற்கு வாசனைக் கருவி வாங்கிப் பயனில்லை, மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அடையாளம் விழுந்த இடமும் கதை சொல்லும். யன்னலடியிலும் வாசல் நிலையிலும் திரும்பத் திரும்ப விழுந்தால் வெளியில் திரிகிற இன்னொரு கடுவனுக்குச் சொல்லப்படுகிற பதில் அது. கதிரை, பள்ளிக்கூடப் பை, புதிதாக வந்த பெட்டி என்று வீட்டு நடுவில் விழுந்தால் உள்ளே ஏதோ அந்தப் பூனையைப் பதற்றப்படுத்துகிறது. கதவின் வெளிப்பக்கத்தில் மட்டும் கோடு இருந்தால் உங்கள் பூனையைப் பேசாதீர்கள். அது ஒழுங்கைக் கடுவனின் வேலை.

கருத்தடைச் சத்திரசிகிச்சை

கடுவன் மூத்திரத்தின் அந்தக் கடும் மணத்துக்குக் காரணம் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம். ஆண் ஓமோன் கூடக்கூட அது மூத்திரத்தில் கூடும். வெளியில் வந்ததும் உடைந்து கந்தக மணமுள்ள சேர்வைகளாக மாறும். விதையை எடுத்தால் ஓமோன் சில நாட்களிலேயே விழுந்துவிடும், மணமும் தொடர்ந்து குறையும். பழக்கம் அடங்கத்தான் காலம் வேண்டும். விதை எடுத்த கடுவன்களில் ஏறக்குறைய 10 இல் 9 பீச்சலை நிறுத்தும், அல்லது பெரிதும் குறைக்கும். பெரும்பாலானவற்றில் மாற்றம் கிழமைக் கணக்கில் தெரியும், சிலவற்றுக்கு மாதங்கள் எடுக்கும். வயது போன கடுவன், கனகாலம் பீச்சித் திரிந்தது என்பதற்காக விட்டுவிட வேண்டாம். ஐந்து வயதுக் கடுவனுக்கும் இது பலன் தரும். எங்கள் பகுதியில் பகல்நேரம் ஆண்டு முழுக்கப் பெரிதாகக் கூடிக் குறைவதில்லை என்பதால் பூனைகளுக்கு இனப்பெருக்கக் காலம் என்று தனியாக ஒன்றும் இல்லை. "சீசன் முடியட்டும்" என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

முதலில் அது ஏற்கெனவே கருத்தடை செய்த பூனையா என்று பார்க்கவேண்டும். காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் அல்லது காதோரத்தில் வெட்டுக்குறி இருந்தால் செய்யப்பட்டிருக்கலாம். சண்டையில் கிழிந்த காது கோணல்மாணலாக இருக்கும். வாலுக்குக் கீழே விதைப்பை வெறுமையாகத் தெரிந்தாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. விதை இறங்காமல் வயிற்றுக்குள்ளோ கவட்டிலோ நிற்கிற கடுவன்களும் உண்டு, அவையும் பீச்சும். வைத்தியர் இதை லேசாகக் கண்டுபிடிப்பார். முழுக்கடுவனின் ஆண்குறியில் சிறு முட்கள் இருக்கும், விதை எடுத்து ஆறு கிழமை அளவில் அவை மறைந்துவிடும். தடித்து உருண்ட கன்னமும் முழுக்கடுவனின் அடையாளம்தான்.

சேவை என்று பார்த்தால் மூன்று வழி இருக்கிறது. தனியார் மிருக வைத்தியசாலை, பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகம், மிருகநல அமைப்புகள் இடைக்கிடை நடத்துகிற கருத்தடை முகாம். அரச அலுவலகங்களில் மாடு, ஆடு, கோழி வேலைதான் கூட. வைத்தியர் வெளிவேலைக்குப் போயிருக்கலாம். கடுவனைக் கூடையில் அடைத்துக்கொண்டு போய் வாசலில் நிற்க முதல் ரெலிபோன் எடுத்து எந்த நாளில் பூனைக்குச் செய்வார்கள் என்று கேளுங்கள். முகாமில் செலவு குறைவு, ஆனால் ஒரே நாளில் பல பூனைகள். சண்டைக் காயமோ காய்ச்சலோ உள்ள கடுவனை முகாமுக்குக் கொண்டுபோகாமல் தனியே காட்டுவதே நல்லது.

நல்ல இடத்தை எப்படி அறிவது? மயக்க மருந்து கொடுக்க முதல் பூனையை நிறுத்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் மருந்தின் அளவு கிலோக் கணக்கில்தான். எப்போது சாப்பிட்டது என்று கேட்பார்கள். முரசின் நிறத்தையும் நெஞ்சையும் சோதிப்பார்கள். நோவுக்கு ஊசி போடுவார்கள். பூனை தலையை நிமிர்த்தி இருக்கும்வரை தங்களிடமே வைத்திருப்பார்கள். இரவில் ஏதும் நடந்தால் எடுக்க ஒரு இலக்கம் தருவார்கள். "டொக்டர், நோ மருந்து இந்தக் காசுக்குள் வருமா, தெள்ளு மருந்தும் விசர்நோய்த் தடுப்பூசியும் இன்றைக்கே போடலாமா?" என்று முன்கூட்டியே கேட்டால் பிறகு பில்லைப் பார்த்து முகம் சுளிக்கத் தேவையில்லை. மயக்கம் தெளியாமல் துவண்டு கிடக்கிற பூனையைக் கையில் தந்து அனுப்புகிற இடத்துக்கு இரண்டாந்தரம் போகவேண்டாம்.

வளர்ந்த கடுவனுக்கு முதல்நாள் இரவு 10 மணிக்குப் பிறகு சாப்பாடு இல்லை. தண்ணீரை விடியும்வரை வைக்கலாம். வைத்தியர் வேறு நேரம் சொன்னால் அதன்படி. சாக்கில் கட்டிக் கொண்டுபோகிற பழக்கத்தை விடுங்கள். வெய்யிலில் ஓட்டோவுக்குள் சாக்குப் பூனைக்கு மூச்சு முட்டும், உடல் சூடேறும். மூடிபோட்ட பிளாஸ்ரிக் கூடைக்குள் பழைய துவாயை விரித்து, மேலே மெல்லிய துணியால் போர்த்தினால் போதும்.

கடுவனுக்குச் செய்வது சின்னச் சத்திரசிகிச்சை. விதைப்பையில் சிறு வெட்டு, பெரும்பாலும் வெளித்தையல் இருக்காது, அன்றே வீட்டுக்கு வரலாம். வெட்டு திறந்தபடி இருப்பதால் முதல் ஐந்து நாளைக்கு மண்ணோ மரத்தூளோ வேண்டாம். கிழித்த பத்திரிகைக் கடதாசியைப் பேசினில் போடுங்கள். வீக்கம் கோழிமுட்டை அளவுக்கு வந்தாலோ இரத்தம் சொட்டினாலோ திரும்பக் கொண்டுபோக வேண்டும். நோ என்று பார்த்து இரக்கப்பட்டுப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். பரசிற்றமோலை உடைக்கப் பூனையின் ஈரலால் முடியாது, ஒரு குளிசையே உயிரை எடுக்கும். சத்திரசிகிச்சை முடிந்து நாலைந்து கிழமைக்கு அந்தக் கடுவன் இன்னும் பெட்டைப் பூனையைச் சினைப்படுத்தக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கள் மதிப்பீட்டில் இந்தப் பட்டியலில் கொடுத்த காசுக்கு முழுப் பெறுமதி தருவது இது ஒன்றுதான்.

மணத்தை உடைக்கிறவை, மணத்தை மூடுகிறவை

விதை எடுத்த கடுவன்கூடத் தன் பழைய மணம் இருக்கிற இடத்தில் திரும்பவும் பீச்சக்கூடும். அதனால் சத்திரசிகிச்சைக்கு அடுத்ததாகக் காசு போகவேண்டியது கழுவுகிற வேலைக்கு. மூத்திரத்தில் தண்ணீரில் கரைகிற பகுதி சவர்க்காரத்தோடு போய்விடும். யூரிக் அமிலத்தின் பளிங்குகள் தண்ணீரில் லேசில் கரையாமல் சீமெந்தின் துளைகளுக்குள் இருந்துவிடும். பங்குனி, சித்திரை வெய்யிலில் மணம் போனமாதிரி இருக்கும். ஐப்பசியில் மழை பிடித்துக் காற்றில் ஈரம் ஏறினதும் அதே மூலையில் மணம் எழும். பூனை புதிதாகப் பீச்சிவிட்டது என்று அதை அடிக்கிறவர்கள் பலர். பெரும்பாலும் அது சரியாகக் கழுவாத பழைய அடையாளம்தான்.

நொதியம் கலந்த வெளிநாட்டுக் கழுவுதிரவங்கள் செல்லப்பிராணிச் சாமான் விற்கிற கடைகளிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும். விலை கூட, ஆனால் வேலை செய்யும். இரண்டு நிபந்தனை. ஒன்று, தெளித்துத் துடைத்துவிடக் கூடாது. மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்கவேண்டும். கண்ணுக்குத் தெரிகிற கறையைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்கு ஊற்றி, ஈரத்துணியால் மூடி, அதன்மேல் பொலித்தீன் விரித்து, குறைந்தது 15 நிமிடம், பழைய கறையென்றால் இரவு முழுக்க விடவேண்டும். இங்கத்தைய வெக்கையில் மூடாமல் விட்டால் மின்விசிறிக் காற்றுக்கே காய்ந்துவிடும். காய்ந்த நொதியம் வேலை செய்யாது. இரண்டு, அந்த இடத்தில் முதலில் குளோரின் திராவகமோ கிருமிநாசினியோ போட்டிருந்தால் தண்ணீரால் நன்றாக அலசிக் காயவிட்டுத்தான் ஊற்றவேண்டும், இல்லாவிட்டால் நொதியம் செத்துவிடும். வாங்கும்போது முடிவுத் திகதியைப் பாருங்கள். யன்னலோரம் வெய்யில் படுகிற தட்டில் அடுக்கியிருக்கிற போத்தலை வாங்க வேண்டாம். வீட்டிலும் நிழலான அலுமாரிக்குள் வையுங்கள்.

அது கிடைக்காவிட்டால் நொதியம் சேர்ந்த உடுப்புத் தோய்க்கும் தூள் நல்ல மாற்று. பக்கற்றின் பின்பக்கத்தில் நொதியம் என்று போட்டிருக்கிறதா என்று வாசித்து எடுக்கவேண்டும், எல்லாத் தூளிலும் இல்லை. ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு 100 கிராம். கொதிதண்ணீர் கூடாது, 60 பாகைக்கு மேல் நொதியம் கெட்டுவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட என்பதால் தூள் சரியாக நுரைக்காமல் வெள்ளைப் படிவாக நிற்கும். காய்ச்சி வடித்த தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதில் கரையுங்கள். கழுவி, பச்சைத்தண்ணீரால் அலசி, காய்ந்த பிறகு மருந்துக்கடையில் விற்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றை விசிறித் துடைத்தால் எஞ்சிய எண்ணெய்ப்பிசுக்கும் போகும். சுவாமி அறை விளக்கு எரிகிற நேரம் இதைச் செய்யக்கூடாது, ஸ்பிரிற் பற்றிக்கொள்ளும்.

வெள்ளைத் தரையோடுகளுக்கு 3 வீத ஐதரசன் பரஒட்சைட்டு அரை லீற்றர், அப்பச்சோடா இரண்டு மேசைக்கரண்டி, கோப்பை கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி. மருந்துக்கடையில் 20 வொலியும் என்று தந்தால் அது 6 வீதம், அதே அளவு தண்ணீர் சேருங்கள். கலந்த உடனே பாவித்து முடிக்கவேண்டும். மூடி வைத்தால் வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும். நிறமுள்ள துணியிலும் சிவப்புச் சீமெந்துத் தரையிலும் வேண்டாம், நிறத்தை எடுத்துவிடும்.

வினாகிரியைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். ஓட்டுத்தரைக்குச் சரி. சுண்ணாம்புச் சுவருக்கும் சீமெந்துக்கும் வேண்டவே வேண்டாம், பொங்கி அரித்துவிடும். அரித்த சுவர் இன்னும் கூடுதலாக மூத்திரத்தைக் குடிக்கும்.

பழைய கல்வீடுகளில் நடக்கிற ஒரு பிழையைத் தனியே சொல்லவேண்டும். பீச்சின சுவரை மறைக்கச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அடித்த அன்றே மூக்கைப் பிடிக்கவைக்கிற மணம் வரும். காரமான சுண்ணாம்பு, சுவருக்குள் உப்பாக அடங்கியிருக்கிற அமோனியத்தை அமோனியா வாயுவாக வெளியே தள்ளுவதால்தான் இது. அமோனியா மணமோ பூனைக்கு "இங்கே பெய்" என்ற அழைப்பு. சரியான முறை இதுதான்: தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்துக்குப் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்து, நொதியத் திரவத்தால் இரண்டு மூன்று தரம் ஊறவைத்துக் கழுவி, நாலைந்து நாள் முழுக்கக் காயவிட்டு, துளைகளை மூடுகிற அடைப்புப் பூச்சு (சீலர்) ஒன்று அடித்து, அதன்மேல் கழுவக்கூடிய எமல்சன் அடிக்கவேண்டும். கதவு நிலையின் அடிப்பாகத்தில் மரம் வெட்டுமுகமாக இருக்கும், அந்த முகம்தான் மூத்திரத்தைக் கூட இழுக்கும். அங்கே ஊற்றாமல் துணியால் ஒற்றி ஒற்றிக் கழுவி, காய்ந்த பிறகு இரண்டு பூச்சு வார்னிஷ். பனையோலைப் பாயைக் கழுவிக் காயவைத்துப் பார்க்கலாம். தும்பு மெத்தைக்குள் இறங்கினால் அதைக் காப்பாற்ற முடியாது.

வாங்கவே கூடாதவை: தண்ணீரில் விட்டதும் பால்நிறமாகிற பீனோல் வகைக் கிருமிநாசினிகள். டெற்றோலும் இதற்குள் வரும். பூனை தரையில் நடந்து காலை நக்கும், பீனோல் வகைச் சேர்வைகளை அதன் ஈரல் உடைக்காது. குளோரின் திராவகத்தை மூத்திரத்தின்மேல் ஊற்றினால் குளோரமீன் வாயு கிளம்பும், மூடின குளியலறையில் அது மனிசருக்கே ஆபத்து. பூச்சி உருண்டையை மூலைக்கு மூலை போடுகிறார்கள், அது பூனைக்கு நஞ்சு. யூக்கலிப்ரஸ், சித்ரனெல்லா எண்ணெய்களும் அப்படித்தான். சாம்பிராணியும் ஊதுபத்தியும் மனித மூக்கை மட்டும் ஏமாற்றும்.

யூவி ரோச்

சின்னச் செலவு, பெரிய உதவி. 395 நானோமீற்றர் என்று போட்ட மலிவு ரோச்சுகள் ஊதா வெளிச்சத்தையே கூட அடிக்கும், கறை அதற்குள் மறையும். 365 நானோமீற்றர் எடுத்தால் விலை கொஞ்சம் கூட, கறை துலக்கமாக மங்கல் மஞ்சளாகத் தெரியும். இரவில் எல்லா லைற்றையும் நிற்பாட்டி, ரோச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, முழங்கால் உயரத்திலிருந்து கீழே வாருங்கள். கறையைச் சுற்றிச் சோக்கட்டியால் கோடு போட்டுவிட்டால் காலையில் எங்கே கழுவுவது என்று தேடத் தேவையில்லை. குசினியில் சிந்தின மஞ்சள்தூளும், உடுப்புத்தூள் பட்ட இடமும் ஒளிரும். அதனால் ஒளிர்கிறதெல்லாம் மூத்திரமில்லை. கிட்டப்போய் மணந்து பார்த்தே உறுதி செய்யவேண்டும். வளவுப் பக்கம் அடித்தால் தேளும் பச்சைநீலமாக மினுங்கும், வெறுங்காலோடு போகாதீர்கள்.

பேசினும் மண்ணும்

கடைகளில் பூனைக்கென்று விற்கிற தட்டுகள் பெரும்பாலும் குட்டிகளுக்கே அளவானவை. வளர்ந்த கடுவனுக்கு அதன் உடல்நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும். 60 சென்ரிமீற்றர் நீளமான சாமான் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தில் 12 சென்ரிமீற்றர் உயரம் விட்டு வாசலாக வெட்டி, வெட்டின விளிம்பை அரத்தால் மழுக்கினால், கடையில் கொடுக்கிற காசில் பாதிக்கே நல்லது கிடைக்கும். மற்ற மூன்று பக்கமும் 40 சென்ரிமீற்றர் உயரம் இருக்கட்டும், நின்றபடி பெய்கிற கடுவனுக்கு அது அவசியம். ஒரு பூனைக்கு இரண்டு பேசின், அதுவும் ஒன்றுக்கொன்று தள்ளி. சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தால் போகாது.

தெருவில் வளர்ந்த கடுவனுக்கு கடையில் விற்கிற, வாசனை போட்ட பென்ரொனைற் மண் (ஈரம் பட்டால் கட்டியாகிற களிமண்) என்னவென்றே தெரியாது. முதலில் வளவு மண்ணையே 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் போட்டு, இரண்டு கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். உள்ளூரில் கிடைப்பதில் தும்புத்தூள்தான் எங்கள் தெரிவு. தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சும், மணத்தை அடக்கும், கிடங்கில் போட்டால் உக்கிவிடும். குறை, வெள்ளை ஓட்டில் கபிலக் கறை விடும், மாரியில் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். மர ஆலைத் தூளில் நுண்தூசு கூட, மருந்தடித்த மரத்தின் தூளாகவும் இருக்கலாம். உமி மலிவு, ஆனால் ஈரம் அதில் ஒட்டாமல் கீழே இறங்கிப் பேசினடியில் குளமாக நிற்கும். மலத்தை நாளுக்கு நாள் அள்ளிவிடவேண்டும். பூனை மலத்தில் இருக்கக்கூடிய, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய ரொக்சோபிளாஸ்மாக் கிருமி வெளிவந்து ஒரு நாளாவது கழிந்த பிறகே தொற்றக்கூடியதாக மாறும். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யக்கூடாது.

காசில்லாமல் செய்யக்கூடியவை

இங்கே கனவீடுகளில் இரவில் மோட்டச்சைக்கிளை விறாந்தைக்குள்ளோ ஹோலுக்குள்ளோ ஏற்றிவிடுவார்கள். பகல் முழுக்கச் சந்தையடியிலும் ஒழுங்கையிலும் நின்ற ரயரில் வேறு கடுவன்கள் பீச்சியிருக்கும். அந்த மணத்தைக் கொண்டுவந்து வீட்டு நடுவில் நிறுத்தினால் உங்கள் கடுவன் அதன்மேல் தன் மணத்தைப் போடத்தான் செய்யும். ரயரின் கீழ்ப்பாதியைத் தேய்த்துக் கழுவி ஏற்றுங்கள், அல்லது வெளியில் விடுங்கள். வாசற்செருப்புக்கும் இதே கதைதான்.

மதிலில் வந்து குந்துகிற ஒழுங்கைக் கடுவனை உள்ளே இருக்கிற பூனை பார்க்காமலிருக்க, யன்னலின் கீழ்ப்பாகத்தில் அரை மீற்றர் உயரத்துக்கு மங்கல் ஸ்ரிக்கர் கடதாசி ஒட்டலாம். மிஞ்சின சோற்றை விறாந்தையில் வைப்பதை நிறுத்தினால் அவற்றின் வரவும் குறையும். புதிதாக எடுத்த பூனையை முதல் இரண்டு கிழமை ஒரே அறையில் வைத்திருங்கள். வீடு முழுக்கத் திறந்துவிட்டால் முழு வீட்டுக்கும் எல்லை போடப் பார்க்கும். பூச்சிமருந்து, தடுப்பூசி, தெள்ளு மருந்து எல்லாம் அந்தக் காலத்துக்குள் முடியட்டும். நாய்க்கு விற்கிற பெர்மெத்ரின் கலந்த தெள்ளு மருந்தைப் பூனைக்குப் பூசினால் வலிப்பு வந்து சாகும். பிடிக்கும்போது கடித்தாலோ விறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே போதனா வைத்தியசாலைக்கோ பக்கத்து அரச ஆஸ்பத்திரிக்கோ போகவேண்டும்.

சுவரில் கொழுவுகிற வாசனைக் கருவி

ஃபெலிவே கிளாசிக் போன்றவை பூனை கன்னத்தை உரசும்போது விடுகிற மணத்தின் செயற்கை வடிவத்தைப் பரப்புகின்றன. தன் கன்னமணம் உள்ள இடத்தில் பூனை பீச்ச விரும்பாது என்பதே கணக்கு. 48 மில்லிலீற்றர்க் குப்பி ஒன்று 30 நாளுக்கு, 50 முதல் 70 சதுர மீற்றர் இடத்துக்கு. இது மூடின அறைகளுக்குக் கணக்குப் பண்ணப்பட்டது. யன்னல் எல்லாம் திறந்து, மின்விசிறி சுழன்று, முற்றத்துக் காற்று வந்துபோகிற வீட்டில் அந்த மணம் நிற்காது. பூனையை அடைத்து வைக்கிற ஒரு அறைக்கு மட்டும், கதவு யன்னலைக் கூடியவரை சாத்தி வைத்தால் கொஞ்சம் பிரயோசனம் உண்டு. வாங்கினால் 13 அம்பியர்ச் சதுரப்பின் உள்ளதாகப் பாருங்கள். பழைய வட்டத்துளைப் பிளக் உள்ள வீடென்றால் அடப்ரர் தேவைப்படும். மேசைக்குக் கீழே, திரைக்குப் பின்னால் கொழுவக்கூடாது, நிமிர்ந்தபடியே இருக்கவேண்டும், இரவில் நிற்பாட்டக்கூடாது. விதை எடுக்காத கடுவனுக்கு இது அறவே வாங்க வேண்டாம். தெளிக்கிற வகை, கூடையில் பூனையைக் கொண்டுபோகும்போது உதவும். துவாயில் எட்டுத்தரம் அடித்து, 15 நிமிடம் கழித்துப் பூனையை ஏற்றுங்கள்.

"பூனை கிட்டவராது" என்று விற்கிற தோடம்பழ மணத் தெளிப்புகள் பீச்சலை அந்த மூலையிலிருந்து அடுத்த மூலைக்குத் தள்ளும், அவ்வளவுதான். பூனைக்கு அரைக்கச்சை கட்டுவது இன்னும் மோசம். ஈரம் தோலை அவிக்கும், கட்டின பூனை ஒளித்து இருந்துவிடும்.

சத்திரசிகிச்சை முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகும் பீச்சினால் இன்னொரு போத்தல் வாங்குவதை விட்டு வைத்தியரிடம் மூத்திரச் சோதனை கேளுங்கள். நோய் ஒன்றும் இல்லையென்றால் புளுவொக்செற்றின் போன்ற, பதற்றத்தைக் குறைக்கிற மருந்தைப் பூனையின் எடைக்குக் கணக்குப் பார்த்து அவர் எழுதக்கூடும். பலன் தெரிய நாலு கிழமையளவில் ஆகும், இடையில் சடாரென நிற்பாட்டக்கூடாது. வீட்டில் மனிசருக்கு எழுதின குளிசையை உடைத்துக் கொடுப்பது உயிரோடு விளையாடுவது.

கடுவன் பேசினுக்குப் போய்ப் போய்க் குந்தி, முக்கி, ஒரு சொட்டும் வராமல் அழுதால் அதைப் பீச்சலோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம். கடுவனின் மூத்திரக் குழாய் ஒடுங்கியது, பளிங்கோ சளியோ அடைத்தால் இரண்டு நாளைக்குள் செத்துவிடக்கூடும். கீழ்வயிற்றைத் தொட்டால் தோடம்பழம் அளவில் இறுக்கமாகப் படும். அமத்திப் பார்க்காதீர்கள், பை வெடிக்கும். இரவென்றாலும் வைத்தியருக்கு ரெலிபோன் எடுங்கள். சத்திரசிகிச்சைக்கு இடம் தெரிவு செய்யும்போதே இரவு இலக்கம் கேட்கச் சொன்னது இதற்குந்தான்.